திருட்டுப்போன சத்தம்

"பூட்டு உடைஞ்சிருக்கா?" என்று கேட்டான் குண்டூசி.

"இல்ல."

"ஜன்னல்?"

"இந்த ரூமுக்கு ஜன்னலே வெக்கல. வெச்சா சத்தம் வெளிய ஓடிடும்."

"சரி, எந்தப் பொருள் காணோம்?"

"எல்லாப் பொருளும் இருக்கு."

"அப்புறம் எதைத்தான் டாக்டர் திருடிட்டுப் போனாங்க?"

பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். துக்க வீட்டில் தகவல் சொல்கிற குரலில், "என் சத்தத்தைத் திருடிட்டாங்க தம்பி," என்றார்.

குண்டூசி மெதுவாகத் தன் முதலாளியம்மாவைத் திரும்பிப் பார்த்தான். தராசு மேடம் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எதைச் சொன்னாலும் நிறுத்துப் பார்க்காமல் நம்ப மாட்டார் என்பதால்தான் அந்தத் துப்பறியும் அம்மாளுக்கு அந்தப் பெயர். உதவியாளனுக்குக் குண்டூசி என்று பெயர் வந்ததற்கு அவன் உடம்பு பாதிக் காரணம், மீதிப் பாதி அவன் வாய். போகிற இடமெல்லாம் யாரையாவது குத்தாமல் வராது.

அந்த வாய்க்கு இந்த ரூமில் நல்ல தீனி இருந்தது. சுவர் முழுக்க மெத்தை. எதிரே குண்டூசியைவிட உயரமாக இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். நடுவில் பளிங்குப் பலகை மேல் இசைத்தட்டு சுற்றும் டர்ன்டேபிள். பலகை கோணலாகிவிடக் கூடாதே என்று அதன் மேல் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று. தரையில் ஒயர் படக் கூடாதாம். அதனால் பெட்டி வரைக்கும் குட்டிக்குட்டி மர ஸ்டூல்களை வரிசையாகப் போட்டு, அதன் மேல் ஒயரைப் படுக்க வைத்திருந்தார்கள்.

"ஒயருக்கு இத்தனை ஸ்டூலா? எங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தா பக்கத்து வீட்டுல கடன் கேக்கறோம்," என்றான் குண்டூசி.

"தரையோட அதிர்வு ஒயர்ல ஏறிடும்," என்றார் டாக்டர் சீரியஸாக. "பாட்டு ஓடும்போது பிரிட்ஜை நிறுத்திடுவோம். மிக்ஸி கூடாது. மோட்டார் கூடாது. யாரும் தும்மக் கூடாது."

ரூமின் நடுவில் ஒரே ஒரு சாய்வு நாற்காலி. அதன் நான்கு காலையும் சுற்றித் தரையில் டேப் ஒட்டியிருந்தது. நின்று நின்று கால் வலித்த குண்டூசி அதில் உட்காரப் போனான்.

"ஐயையோ! எழுந்திரு, எழுந்திரு!" டாக்டர் பாய்ந்து வந்தார். "அங்கதான் ரெண்டு பெட்டிச் சத்தமும் சரியா வந்து சேரும். என்னைத் தவிர யாரும் உக்கார்ந்ததில்ல."

"நான் சத்தம் கேக்க உக்காரல டாக்டர். சும்மாதான்."

"சும்மாகூட உக்காரக் கூடாது."

ஊரில் பாதிப் பேரின் கடைவாய்ப் பல் இந்த ரூமில்தான் ஸ்பீக்கராக நிற்கிறது என்று குண்டூசிக்குத் தோன்றியது. அவனுடைய பல் ஒன்றும் அதில் சேர்த்தி. டாக்டர் ஒரு இசைத்தட்டை மடியில் வைத்து, பிரஷ்ஷால் துடைத்து, சுழலவிட்டு, ஊசியை இறக்கினார். ஒரு பெண் குரல் எழுந்தது. குண்டூசிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்தம்மா இரண்டு பெட்டிக்கும் நடுவில் வந்து நின்று, இவன் முகத்தைப் பார்த்துப் பாடுகிற மாதிரியே இருந்தது.

"கேட்டீங்களா அநியாயத்தை?" டாக்டர் பெட்டியை நோக்கிக் கையை நீட்டினார். "போன வாரம் வரைக்கும் இந்தக் குரல் ரூம் முழுக்கப் பரவி நிக்கும். எங்கிருந்து வருதுன்னே தெரியாது. மூடுபனிக்குள்ள உக்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். இப்போ பாருங்க, நட்டநடுவுல வந்து நின்னு பாடுறா! கீழ்ச் சத்தம் வேற தொப்பை போட்டுத் தும் தும்னு வருது. வெளியூர்ல டாக்டர்கள் மாநாடுன்னு போயிட்டு வந்தேன். வந்து பார்த்தா இந்தக் கோலம்."

அப்போது கதவு திறந்து டாக்டரின் மனைவி காபித் தட்டோடு வந்தார். வலது கட்டைவிரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அழுது வீங்கிய கண். தட்டைக் கீழே வைத்து, ஆளுக்கொரு டம்ளரை எடுத்துக் கொடுத்துவிட்டு, மேடத்தைப் பார்த்து, "அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். அந்தப் பெட்டிய..." என்று ஆரம்பித்தார்.

"உஷ்!" டாக்டர் விரலைத் தூக்கினார். "பேசாத. பாட்டு ஓடுது."

அந்த அம்மாள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"தம்பிப் பாசம்," என்றார் டாக்டர். "பண்ணினது என் மச்சான். நான் ஊர்ல இல்லாதப்போ அக்காவைப் பாக்க வந்திருக்கான். அவன் மைக் செட் வாடகைக்கு விடறவன். டூல்ஸ் பையோட வந்திருக்கான். பெட்டியைத் திறந்து, உள்ள இருக்கிற ஒரிஜினலை எடுத்துட்டு ஏதோ டூப்ளிகேட்டை வெச்சிட்டான். இவ என்னடான்னா 'நான்தான் பண்ணினேன், அவனை விட்டுடுங்க'ன்னு ரெண்டு நாளா அழறா. இவ பண்ணினாளாம்! இவளுக்கு மிக்ஸிக்கும் வயலினுக்கும் வித்தியாசம் தெரியாது. காதே கிடையாது."

குண்டூசி சிரித்துவிட்டான். மேடம் சிரிக்கவில்லை, ஆனால் அந்தப் பேச்சைத் தொடரவும் இல்லை. எழுந்து பெட்டிகளைச் சுற்றிப் பார்த்தார். பெட்டியின் திருகாணித் தலைகள் எல்லாவற்றிலும் வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது.

"பல்லு அடைக்கிற சிமெண்ட்," என்றார் டாக்டர். "யாரும் திறக்கக் கூடாதுன்னு நானே அடைச்சேன்."

"கீறல்கூட இல்ல. திறந்திருந்தா உடைஞ்சிருக்குமே?"

"மைக் செட்காரன் மேடம். பலே கில்லாடி. மறுபடியும் அடைச்சிருப்பான்."

"ம். இதையெல்லாம் கடைக்காரங்கதான் வந்து மாட்டிக் குடுத்தாங்களா?"

"வந்தான் ஒருத்தன். வெறுங்கையால ஒயரைத் தொட்டான். வெளிய போடான்னுட்டேன். நானே கிளவுஸ் மாட்டிக்கிட்டு இணைச்சேன்."

மேடத்தின் பார்வை இசைத்தட்டு துடைக்கும் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் நின்றது. நீளக் காம்பு வைத்த, பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடி. "இது இங்க எதுக்கு?"

"வலது பெட்டிக்குப் பின்னால எட்டிப் பாக்கலாம். இடது பெட்டி மூலையில இருக்கு, என் உடம்பு அந்தச் சந்துல நுழையாது. கண்ணாடியை விட்டுப் பார்த்துக் கையை மட்டும் நுழைச்சு மாட்டினேன்." டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "மேடம், சாயங்காலம் எங்க பொற்செவி மன்றத்து ஆளுங்க இங்க வர்றாங்க. நான்தான் தலைவர். இந்தச் சத்தத்தைக் கேட்டா சிரிப்பாங்க. அதனால நடந்ததைச் சொல்லி, மச்சான் பேரையும் சொல்லிடப் போறேன். ஊர்ல பெரிய அரங்கம் எவரோடதோ அவரும் மெம்பர்தான்."

"உங்க மச்சானுக்கு வேலை குடுக்கறது அவர்தானா?"

"குடுத்துக்கிட்டு இருந்தார்னு சொல்லுங்க."

வெளியே வரும்போது ஹாலில் வாசலை ஒட்டி ஒரு சூட்கேஸ் நின்றது. அதன் பக்கத்தில் டாக்டரின் மனைவி நின்றார். "என் தம்பி பேரை இவர் அவங்க முன்னாடி எடுத்தார்னா, அடுத்த நிமிஷம் நான் இந்த வீட்டுல இல்ல," என்றார். குரல் நடுங்கவே இல்லை.

காரில் ஏறியதும் குண்டூசி, "கேஸ் முடிஞ்சுது மேடம். மச்சான் கடைக்குப் போறோம், பொருளை எடுக்கறோம், பில்லை நீட்டறோம்," என்றான்.

"சிமெண்ட்ல கீறல் இல்லியே?"

"அதெல்லாம் டாக்டர் சொன்ன மாதிரி கில்லாடி வேலை."

"டாக்டர் சொன்ன மாதிரின்னு நீ எப்போ பேச ஆரம்பிச்ச?"

குண்டூசி வாயை மூடிக்கொண்டான். அதிக நேரம் இல்லை, அடுத்த திருப்பம் வரைக்கும்.

மைக் செட் கடையில் மச்சான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். தாட்டியான ஆள், தோளில் துண்டு. "வாங்க வாங்க. மாமா அனுப்பினாரா? கைவிலங்கு கொண்டாந்தீங்களா?" என்று வரவேற்றார். பேச்சில் கிண்டல் இருந்ததே தவிர, முகம் இருண்டுதான் கிடந்தது.

குண்டூசியின் கண் மூலைக்குப் போனது. போர்வை போர்த்திய ஏதோ ஒன்று. பெட்டி வடிவம். இரண்டே எட்டில் போய்ப் போர்வையை ஒரே இழுப்பில் உருவினான். "அகப்பட்டுச்சு மேடம்!"

உள்ளே இருந்தது ஒரு சின்ன ரேடியோப் பெட்டி. மேலே கலர் பேப்பர், ரிப்பன்.

"அது அக்காவுக்கு," என்றார் மச்சான். "பொறந்தநாள் வருது. அந்த வீட்டுல அவ பாட்டுக் கேக்க ஒண்ணுமே இல்லியே. கல்யாணத்துக்கு முன்னாடி பாட்டுக் கேக்காமத் தூங்கவே மாட்டா. கச்சேரியில யாராவது கொஞ்சம் சுருதி விலகினாப் போதும், அக்கா மூஞ்சியைச் சுளிப்பா. அதைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும், ஏதோ தப்புன்னு."

"டாக்டர் அவங்களுக்குக் காதே இல்லன்னாரே?" என்றார் மேடம்.

"மாமா வீட்டுல காது ஒருத்தருக்குத்தான் மேடம். மத்தவங்களுக்கெல்லாம் வேலை மட்டும்தான்."

குண்டூசி போர்வையைத் திரும்பப் போர்த்திவிட்டு, அசட்டுச் சிரிப்போடு அங்கே தொங்கிய ஒரு ஸ்பீக்கர் ஒயரை எடுத்து நோண்டினான். முனையில் உருண்டையான பிளக். பக்கத்திலிருந்த ஸ்பீக்கர் பெட்டியில் சொருகிப் பார்த்தான், போகவில்லை. திருப்பினான், போகவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பியதும் 'டக்' என்று போய் உட்கார்ந்தது.

"அது ஒரு பக்கம்தான் போகும்," என்றார் மச்சான். "அவசரத்துல சொருகற பசங்க தப்பா மாட்டிடக் கூடாதுன்னு அப்படிப் பண்ணியிருக்கான்."

"மாமா வீட்டுப் பெட்டியில?" என்று கேட்டார் மேடம்.

"அந்த ரூமுக்குள்ள என்னை விட்டாத்தானே தெரியும்! செருப்போட போனாலும் கூடாது, செருப்பைக் கழட்டிட்டுப் போனாலும் கூடாது. அன்னிக்கும் சமையல்கட்டுல உக்கார்ந்து காபி குடிச்சிட்டு வந்துட்டேன். டூல்ஸ் பை என் கூடவேதான் இருக்கும், அது என் தொழில்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "திருடன்னு பேர் வந்துட்டா அரங்கத்துக்காரர் கூப்பிட மாட்டார். நான் கடையைச் சாத்த வேண்டியதுதான். அதைவிட, அக்கா துணிப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னா நான் என்னன்னு சமாதானம் சொல்லுவேன்?"

திரும்பி வருகிற வழியில் குண்டூசிக்கு மனசே சரியில்லை. அந்த ரிப்பன் அவன் கண்ணை விட்டுப் போக மறுத்தது. மனசு சரியில்லாதபோது அவன் இன்னும் அதிகமாகப் பேசுவான்.

"என்ன திருட்டு மேடம் இது? குரல் நடுவுல வந்துச்சாம், கீழ்ச் சத்தம் வந்துச்சாம். எனக்கென்னவோ நல்லாத்தான் இருந்துச்சு. இவன் எடுத்துட்டுப் போற திருடன் இல்ல, குடுத்துட்டுப் போற திருடன்."

மேடம் காரை ஓரமாக நிறுத்தினார். "மறுபடி சொல்லு."

"எதை? நான் சும்மா..."

"சும்மா பேசும்போதுதான் நீ உருப்படியா பேசற. எதுவும் போகல, கூடத்தான் வந்திருக்கு. பெட்டியை யாரும் திறக்கல. அப்போ மாறினது பெட்டிக்கு வெளியில. வெளியில இருக்கறது ஒயர் மட்டும்தான்." மேடம் இவன் பக்கம் திரும்பினார். "அந்த அம்மா விரல்ல பிளாஸ்டர் இருந்துச்சே, எந்தக் கை?"

"வலது கட்டைவிரல். காய் நறுக்கும்போது பட்டிருக்கும்."

"காபியை எந்தக் கையால குடுத்தாங்க?"

"வலது கை."

"வலது கைக்காரங்க காய் நறுக்கும்போது எந்த விரல் வெட்டுப்படும்?"

குண்டூசி கத்தி பிடிக்கிற மாதிரி கையை வைத்துப் பார்த்தான். வலது கையில் கத்தி, இடது கையில் காய். "அட! இடது விரல்தான் படணும்."

"வலது கட்டைவிரல்ல தோல் போகணும்னா, எதையோ இறுக்கமா திருகியிருக்கணும்."

"மேடம்..." குண்டூசி கத்தி பிடித்த கையை இறக்கினான். "அந்தம்மா நம்மகிட்டயே சொல்ல வந்தாங்களே?"

"வந்தாங்க. அவர் உஷ்ஷுன்னார். நீ சிரிச்ச. நான் எழுந்து திருகாணி பாக்கப் போயிட்டேன்." மேடம் வண்டியைக் கிளப்பினார். "ஏறி மிதிக்கறேன், பிடிச்சுக்கோ."

அவர்கள் போய்ச் சேரும்போது டாக்டர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, மன்றத்து ஆட்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் டேப் ஒட்டிய நாற்காலிக்குப் பின்னால். சூட்கேஸ் அதே இடத்தில் நின்றது.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"சத்தத்தைத் திருப்பிக் குடுத்துடறேன்," என்றார் மேடம். "பவரை நிறுத்திட்டு, உங்க நாற்காலியில கண்ணை மூடி உக்காருங்க."

டாக்டர் உட்கார்ந்தார். மேடம் குண்டூசியின் காதில் ஏதோ சொன்னார். அவன் உடம்புக்கு முதல் தடவையாக ஒரு பயன் வந்தது. இடது பெட்டிக்குப் பின்னால் சந்தில் நுழைந்து, டார்ச் அடித்துப் பார்த்தான். இரண்டு ஒயர்கள், ஒன்றில் வெள்ளைக் கோடு. இரண்டு முனைகள், இரண்டுமே தங்க முலாம். சிவப்பு கறுப்பு என்று கலர் அடித்தால் கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது. கூட்டல் குறியும் கழித்தல் குறியும் எறும்பு சைஸில் செதுக்கியிருந்தது. முனை கல் மாதிரி இறுகியிருந்தது. திருகித் திருகி இவன் கட்டைவிரலும் சிவந்துவிட்டது. இரண்டு ஒயரையும் இடம் மாற்றி மாட்டிவிட்டு வெளியே வந்தான்.

பவர் வந்தது. ஊசி இறங்கியது. அதே பெண் குரல். ஆனால் நடுவில் நின்ற அந்தம்மாவைக் காணோம். குரல் எங்கிருந்தோ, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, முன்னாலும் இல்லாமல் பின்னாலும் இல்லாமல் அலைந்தது. தும் தும் என்ற கீழ்ச் சத்தம் போன இடம் தெரியவில்லை. குண்டூசிக்குத் தலை சுற்றியது.

டாக்டரின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "வந்துடுச்சு! என் மூடுபனி வந்துடுச்சு! மச்சான் ஒத்துக்கிட்டானா?"

"மச்சான் இதைத் தொடவே இல்ல." மேடம் கதவைத் திறந்து டாக்டரின் மனைவியைக் கூப்பிட்டார். "அம்மா, காலையில சொல்ல வந்தீங்களே, இப்போ சொல்லுங்க. நான் அப்பவே நின்னு கேட்டிருக்கணும். தப்பு என்னோடது."

அந்த அம்மாள் கணவரைப் பார்க்காமல், பெட்டியைப் பார்த்துப் பேசினார். "தினமும் இதுக்குப் பின்னால தூசி தட்டறது நான்தான். வலது பெட்டியில வெள்ளைக் கோடு போட்ட ஒயர் கூட்டல்ல இருந்துச்சு. இடது பெட்டியில கழித்தல்ல இருந்துச்சு. பாட்டும் முதல் நாள்லேர்ந்தே சரியில்ல. குரல் தலைக்குப் பின்னாலேர்ந்து வருதேன்னு கேட்டேன். உனக்குக் காது கிடையாதுன்னார். அவர் ஊருக்குப் போனப்போ நானே மாத்தி மாட்டினேன். வந்து கேட்டுட்டு, இன்னிக்கு என்ன இவ்வளவு நல்லா இருக்குன்னு சொல்லுவார்னு காத்துக்கிட்டிருந்தேன்."

டாக்டர் எழுந்து நின்றார். "இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேங்க."

ரூமுக்குள் மெத்தை வைத்த சுவர்கள் அந்த ஒரு வார்த்தையை எங்கேயும் போகவிடவில்லை.

"நான்... நான் தப்பா மாட்டியிருக்க மாட்டேனே," என்றார் டாக்டர்.

மேடம் அந்தக் குட்டிக் கண்ணாடியை எடுத்து நீட்டினார். "வலது பெட்டியை நேரா பார்த்து மாட்டினீங்க, சரியா இருக்கு. இடது பெட்டியை இதுல பார்த்து மாட்டினீங்க. பல்லுல இது பழகின விஷயம். கண்ணாடியில இடமாத் தெரிஞ்சா உங்க கை தானா வலது பக்கம் போகும். ஆனா இங்க பார்த்தது கண்ணாடியில, மாட்டும்போது கண்ணாடியை வெளிய எடுத்துட்டுத் தடவி மாட்டியிருக்கீங்க. மனசுல நின்னது கண்ணாடிப் படம்."

"அதாவது டாக்டர்," என்றான் குண்டூசி, "இத்தனை நாளா ஒரு பெட்டி தள்ள, இன்னொரு பெட்டி இழுத்துக்கிட்டு இருந்திருக்கு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டதுல மிச்சம் இருந்ததுதான் உங்க மூடுபனி."

டாக்டர் கண்ணாடியை வாங்கினார், பார்த்தார், பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். வாசலில் மணி அடித்தது. மன்றத்து ஆட்கள்.

"என் மானமே போச்சு," என்றார். "போன வருஷம் இதைத்தானே சிறந்த சத்தம்னு பரிசு குடுத்தாங்க! மேடம், வெளிய சொல்லிடாதீங்க."

"என் பில்லுல அதெல்லாம் இருக்காது. ஆனா உங்க மச்சான் மானமும் இதே ரூம்லதான் கிடக்கு. முதல்ல அதை எடுத்துக் குடுங்க."

டாக்டர் போனை எடுத்தார். "மாப்ளே... நான்தான். தப்பு என்மேல. என்னை மன்னிச்சிடு." அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, டாக்டர் இரண்டு தடவை தலையாட்டினார். போனை மனைவியிடம் கொடுத்துவிட்டார். அந்த அம்மாள் வாங்கி, "சாப்பிட்டியாடா?" என்று மட்டும் கேட்டார்.

பவரை நிறுத்திவிட்டு, குண்டூசி மறுபடியும் சந்தில் நுழைந்து ஒயரைச் சரியாக மாட்டிவிட்டு வந்தான். மன்றத்துக்காரர்கள் செருப்பைக் கழற்றி, தும்மலை அடக்கி, பயபக்தியோடு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பாட்டு ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் அரங்கத்துக்காரர் முன்னால் சாய்ந்தார். "தலைவரே, போன வருஷத்து மூடுபனி எங்க? குரல் நேரா வந்து நிக்குதே. யாராவது கைவெச்சுட்டாங்களா?"

டாக்டர் மேடத்தைப் பார்த்தார். மேடம் கூரையைப் பார்த்தார். தப்பிக்க வழி இருந்தது, ஒரு பெயரைச் சொன்னால் போதும். டாக்டரின் மனைவியின் கை சூட்கேஸ் இருக்கிற ஹால் பக்கத்துக் கதவைப் பிடித்திருந்தது.

"போன வருஷம் நான் ஒயரைத் தப்பா மாட்டியிருந்தேன்," என்றார் டாக்டர். "என் வீட்டுக்காரிதான் கண்டுபிடிச்சு சரி பண்ணினா. அவளுக்குத்தான் காது."

பொற்செவிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டன. பிறகு அரங்கத்துக்காரர் மெல்ல எழுந்து, அந்த அம்மாளின் பக்கத்தில் போய், மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "அம்மா, ஒருநாள் எங்க வீட்டுக்கும் வந்து ஒரு பார்வை பார்த்துடுங்களேன்," என்றார். அவருக்குப் பின்னால் வரிசையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள்.

டாக்டர் டேப் ஒட்டிய நாற்காலியை விட்டு எழுந்து, மனைவியைக் கைகாட்டி உட்காரச் சொன்னார். அந்த அம்மாள் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். நடுவில் நின்று அந்தப் பெண் குரல் அவருக்காக மட்டும் பாடிற்று.

டாக்டரால் பொறுக்க முடியவில்லை. குனிந்து, "எப்படி இருக்கு? கோவம் போச்சா? தம்பியை நாளைக்கு வரச்..." என்று ஆரம்பித்தார்.

பிளாஸ்டர் ஒட்டிய கட்டைவிரலோடு அந்தக் கை உயர்ந்தது.

"உஷ்! பேசாதீங்க. பாட்டு ஓடுது."

குண்டூசிக்கு நாக்கின் நுனி வரைக்கும் ஒரு ஜோக் வந்துவிட்டது. ஆனால் அவன் கண்முன்னால் டாக்டர் வெறுங்காலோடு, அடிமேல் அடி வைத்து, ஹாலுக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்தச் சூட்கேஸைத் தரையில் உரசாமல் இரண்டு கையாலும் தூக்கி, ஒரு சின்னச் சத்தமும் இல்லாமல் உள்ளே கொண்டுபோனார். குண்டூசி ஜோக்கை விழுங்கிவிட்டான்.